தீபாவளிக்கு மலேசிய உறவினர் வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: புதுக்கோட்டை வாசகர், 2 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தாவின் தம்பி குடும்பம் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. தாத்தாவும் சின்னத் தாத்தாவும் இன்று இல்லை. சின்னத் தாத்தாவின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, போன ஆண்டுதான் வாட்ஸ்அப்பில் தேடிப் பிடித்தேன். குடும்பத்தோடு வா என்று அழைத்துக்கொண்டே இருக்கிறார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். தீபாவளி விடுமுறையோடு சில நாள் சேர்த்து, அக்டோபர் 17 முதல் 26 வரை அவர் வீட்டிலேயே தங்கி, அப்படியே கெந்திங் மலை, பத்துமலை, பினாங்கு, லங்காவி எல்லாம் பார்த்துவிடலாம் என்று திட்டம். பண்டிகை என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். உறவினரைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

நான் சுங்கை சிப்புட்காரன். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்று, இப்போது தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) குடியிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், தம்பி: அந்த வாரம் வராதீர்கள். முந்திய மாதம் வாருங்கள், அடுத்த மாதம் வாருங்கள். தீபாவளி வாரம் வேண்டாம்.

உங்களுக்குத்தான் அது விடுமுறை. இங்கே தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரே நாள். இந்த ஆண்டு 20 அக்டோபர் திங்கட்கிழமை வருவதால் சனி, ஞாயிறைச் சேர்த்து மூன்று நாள் கிடைக்கிறது. ஷிப்டு வேலை பார்க்கிறவருக்கு அதுவும் இல்லை. செவ்வாய் விடிந்தால் உங்கள் சித்தப்பா வேலைக்குப் போயாக வேண்டும். நீங்களோ 26 வரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சின்னம்மாவின் பாட்டை யோசித்தீர்களா? தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பின்கட்டு அடுப்பு அணைவதில்லை. முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை, ஓமப்பொடி என்று டின் டின்னாக ஆர்டர் எடுத்துச் சுடுவார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்குவார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அந்தக் காசுதான் என்று இருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் சின்னம்மா முறுக்குச் சுடுகிறவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்கள். பெரும்பாலும் சுடுகிறவராகத்தான் இருப்பார்.

வீடும் சின்னதாக இருக்கும். வரிசை வீடு, இரண்டு அறை அல்லது மூன்று அறை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், கிள்ளானில் கட்டிக்கொடுத்த மகள், மருமகன், பேரப்பிள்ளை எல்லோரும் அந்த மூன்று நாளுக்குத்தான் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் நால்வர். குளியலறை ஒன்று.

3 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் வழியைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை, முப்பது நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2024 ஜனவரி முதல் அது கட்டாயம். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி. திரும்பும் டிக்கெட், கையில் செலவுக்குப் பணம், தங்கும் வீட்டு முகவரி இவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்கலாம். "சித்தப்பா வீடு, சுங்கை சிப்புட்" என்று மட்டும் சொன்னால் போதாது. தாமான் பெயர், வீட்டு எண், அவர் தொலைபேசி எண் எல்லாம் தாளில் எழுதி வைத்திருங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது அங்கே நல்ல பதில் ஆகாது.

5 ஆகஸ்ட்

கிள்ளான் அம்மையார் ஒருவர் என்னை விருந்தோம்பல் தெரியாதவன் என்கிறார். வீட்டுக்கு வருகிறேன் என்பவரை வராதே என்று சொல்லும் தமிழனை இப்போதுதான் பார்க்கிறாராம். அம்மா, உங்கள் வீட்டில் எத்தனை அறை என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி வழி உறவினர் திருச்சிப் பக்கத்திலிருந்து தீபாவளிக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக் காலையில் இங்கே இட்லி, தோசையோடு கோழிக்கறியும் ஆட்டுக்கறியும் இல்லாமல் பொழுது விடியாது. அவர்கள் வீட்டுப் பெரியவர் அன்று அமாவாசை சேர்ந்துவிட்டது, கறி தொடமாட்டேன் என்றார். சரி, தனிப் பாத்திரம், தனி அடுப்பு. பத்து மணிக்கு அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் இளையவர் வந்து, "மாமா, இன்றைக்கு எல்லோருக்கும் லீவுதானே, கெந்திங் போய்விட்டு வரலாமா?" என்று கேட்டார். அவரிடம் இல்லை என்று சொல்ல என் மனைவிக்கு வாய் வரவில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஊரே பண்டிகைக்கு நகர்ந்துகொண்டிருந்த அந்த நாளில் நான் அவர்களை ஏற்றிக்கொண்டு கெந்திங் போனேன். மலை உச்சியில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் திரும்பினேன். என் பேரப்பிள்ளைகள் மத்தாப்பைக் கொளுத்தி முடித்து, கிள்ளானுக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

வந்தவர்களுக்கு இன்றுவரை இது தெரியாது. ஊருக்குப் போய் எங்களைப் புகழ்ந்துதான் பேசினார்களாம். விருந்தோம்பல் என்பது எனக்கும் தெரியும், அம்மா. யார் தூக்கம் கெட்டு அது நடக்கிறது என்பதும் தெரியும்.

6 ஆகஸ்ட்

பூகோளம் பற்றி ஒரு வார்த்தை. புதுக்கோட்டைத் தம்பியின் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தெருமுனையில் இருப்பதுபோல் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ இருநூறு கிலோமீட்டர், அங்கிருந்து வடக்கே இன்னும் முப்பது சுங்கை சிப்புட். பத்துமலையும் கெந்திங்கும் தலைநகர்ப் பக்கம். லங்காவி ஒரு தீவு. கெடாவுக்கோ பெர்லிசுக்கோ போய்ப் படகு ஏற வேண்டும். பினாங்கு மட்டும்தான் சித்தப்பா வீட்டிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய தூரம். "அப்படியே பார்த்துவிடலாம்" என்ற சொல்லில் இருக்கும் "அப்படியே" யாருடைய கார், யாருடைய பெட்ரோல், யாருடைய டோல்?

11 ஆகஸ்ட்

என்ன வாங்கி வரலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

புடவை வேண்டாம். ஈப்போ லிட்டில் இந்தியாவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் காஞ்சிபுரம், ஆரணி, சூரத்து எல்லாம் அடுக்கிக் கிடக்கிறது. நீங்கள் ஆசையாக எடுத்து வரும் நிறத்தை இங்கே ஏற்கெனவே நாலு பேர் கட்டியிருப்பார்கள். ஊறுகாய், அப்பளம், வடகம் கேட்டால் மட்டும் கொண்டு வாருங்கள். இறைச்சி, பழம், செடி, விதை எதற்கும் முன் அனுமதி வேண்டும். குலதெய்வக் கோயில் வேப்பங்கன்று என்று தூக்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். திருநீறு வரலாம். பட்டாசு விமானத்தில் ஏறவே ஏறாது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் வழியாக வருவதாக இருந்தால் பையில் கசகசா இருக்கக் கூடாது.

உண்மையில் இங்கே கிடைக்காத பொருள் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கும். பழைய புகைப்படங்கள். உங்கள் தாத்தாவின் கல்யாணப் படம், கொள்ளுப்பாட்டி படம், ஊர் வீட்டுப் படம். நகல் எடுத்து வாருங்கள். தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கூரை ஒழுகி, வீடு மாறி, வெள்ளம் வந்து அழிந்துபோன படங்களுக்குக் கணக்கே இல்லை. பெரியாத்தா முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே அறுபது வயதைத் தாண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

திரும்பும்போது கோடாரித் தைலம் வாங்கிப் போங்கள், அதைத் தவிர வேறு எதையும் உங்கள் ஊர்க்காரர்கள் மலேசியச் சாமான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தங்கம் வேண்டாம். இந்தியச் சுங்கத்தில் நகைக்கு இருக்கும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்கு. பத்து நாள் வந்து போகிறவருக்கு இல்லை. விமான நிலையத்தில் யாராவது அண்ணே, தம்பி என்று வந்து, திருச்சியில் என் மச்சானிடம் இதைக் கொடுத்துவிடுங்கள் என்று பொட்டலம் நீட்டினால் தொடாதீர்கள். கடத்தல்காரர்கள் குருவிகளை, அதாவது தங்கள் பொருளைச் சுமந்து போகிறவர்களை, அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

12 ஆகஸ்ட்

கசகசா இங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கிறதே என்று பினாங்கு நண்பர் சொல்கிறார். கிடைக்கிறது. நான் எழுதியது சிங்கப்பூருக்கு. அங்கே அது தடைசெய்த பொருள். வாக்கியத்தை முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

24 ஆகஸ்ட்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று இந்தக் குடும்பங்கள் எப்படித்தான் பிரிந்தன? கூடவே கப்பல் ஏறி வந்தவர்கள் கூடவே திரும்பியிருக்கலாமே?

நீண்ட கதை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்குள்ள ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டில் ஆள் சேர்த்து அழைத்து வந்த காலம் 1938 இல் முடிந்தது. கூலியாட்கள் அப்படிக் குடியேறுவதை இந்திய அரசு அந்த ஆண்டு தடைசெய்தது. அதுவரை வந்தவர்களும், அவர்களைத் தேடிப் பின்னால் வந்தவர்களும், போரில் அகப்பட்டவர்களும் என்று தோட்டங்கள் நிரம்பியிருந்தன. ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. மூன்று, நான்கு ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்புவார்கள். ஊர் அங்கே, வேலை இங்கே என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தவர்கள் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள், எழுதுவதற்கு ஒருநாள் சம்பளத்தை விட மனமில்லாதவர்கள், என்றைக்கிருந்தாலும் ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்றிருந்தவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

பிறகு 1968 இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும் என்றானது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. அதற்கு முன்பே பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பிறந்த, அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். எல்லோரையும் அது காப்பாற்றிவிடவில்லை. குடியுரிமைக்கான நீல அட்டை இருந்த தம்பி நின்றான். சிவப்பு அட்டை இருந்த அண்ணன் மனைவி பிள்ளைகளோடு கப்பல் ஏறினான். என் பெரியப்பா அப்படிப் போனவர்தான். இங்கே பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் படித்த அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அந்நிய நாடு. அழுதுகொண்டே போனார்கள்.

அதன் பிறகு எல்லாம் கடிதம். நீல நிற வான்கடிதம். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பையன் என்று நான்தான் பாதிப் பேருக்கு எழுதிக்கொடுப்பேன். "இங்கு யாவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய அவா" என்று தொடங்கினால் பிறகு வருவதெல்லாம் பணக் கணக்கு. இவ்வளவு அனுப்பினேன், கிடைத்ததா. கிடைத்தது, போதவில்லை. கிணறு வெட்டியாயிற்றா. வெட்டினோம், தண்ணீர் இல்லை. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது. வாங்கிவிடு, பணம் அனுப்புகிறேன். யார் பேரில் பத்திரம் போடுவது? அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் எழுதச் சொன்னதாக நினைவில்லை.

அதனால் புதுக்கோட்டைத் தம்பிக்குத் தனியாக ஒன்று. நிலப் பேச்சை எடுக்காதீர்கள். இங்கே உள்ளவர்கள் அங்கே நம் காசில் வாங்கிய நிலத்தைத் தின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அங்கே உள்ளவர்கள் இவர்கள் வெள்ளியில் புரள்கிறார்கள், நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் வம்பு.

25 ஆகஸ்ட்

"வெள்ளியில் புரள்கிறார்கள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், மலேசியாவில் வெள்ளி விலை என்ன என்று கேட்கிறார். ஐயா, இங்கே ரிங்கிட்டை அப்படிச் சொல்வோம். நகைக்கடைக்குப் போகாதீர்கள்.

7 செப்டம்பர்

தம்பி திரும்ப வந்திருக்கிறார். இந்த இழையைத் தொடங்குவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டாராம், பணம் திரும்பாதாம், சொல்லக் கூச்சமாக இருந்ததாம். ஒரு மாதமாக நான் யாரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

சரி, வந்துவிடுங்கள். இந்தச் சில வாரங்களில் எனக்கும் ஒன்று தோன்றியிருக்கிறது. தீபாவளி நாளைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. அதற்கு முந்தின நாள் வேறு கணக்கு.

இங்கே தமிழர் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படையல். இறந்துபோனவர்கள் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் இலையில் வைப்பார்கள். கோழி, ஆடு, மீன், நண்டு, அவித்த முட்டை, பலகாரம், புதுத் துணி. தாத்தாவுக்குச் சுருட்டு, பாட்டிக்கு வெற்றிலை பாக்கு. கள்ளு குடித்தவருக்கு இப்போது பீர் டின் திறந்து வைப்பார்கள், சிரிக்காதீர்கள். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிடுவார்கள். தோட்டத்து வீடுகளில் இது தீபாவளியைவிடப் பெரியது. சிங்கப்பூரில் இருக்கும் பையன் ராத்திரி பஸ் பிடித்து ஓடி வருவது மறுநாள் எண்ணெய்க் குளியலுக்கு அல்ல, இதற்குத்தான்.

உங்கள் சித்தப்பா வீட்டில் அந்த இலையில் அவருடைய அப்பாவுக்கு வைப்பார்கள். அவர் அண்ணனுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, யாராவது வைத்திருப்பார்களா? பெயர் தெரிந்தால் வைத்திருப்பார்கள். ஊரில் போய்ச் செத்தவருக்கு இங்கே தேதிகூடத் தெரியாது. அந்தப் படத்தைக் கொண்டு வந்து அக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமை மாலை சித்தப்பாவிடம் கொடுங்கள். என்ன சாப்பிடுவார் என்று சின்னம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் சமைப்பார்.

மற்றபடி நான் சொல்வதைக் கேட்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். 17 முதல் 21 வரை அந்த வீட்டில் இருங்கள். 22 இல் ஈப்போவில் விடுதி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உங்கள் கெந்திங், பினாங்கு எல்லாம் அங்கிருந்து உங்கள் செலவில். கிளம்பும் முன் இன்னொரு நாள் வந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். அவர்கள் வருத்தப்படுவார்கள், தடுப்பார்கள், கோபிப்பார்கள். கிளம்புங்கள். முறுக்குச் சுட்டால் உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து கொடுக்கட்டும், வேலையும் நடக்கும், பேச்சும் நடக்கும். பிள்ளைகளுக்கு அங்பாவ் (உறையில் வைத்துத் தரும் பண்டிகைப் பணம்) கொடுக்க ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டாக மாற்றி வைத்திருங்கள். சித்தப்பாவின் நண்பர் உணவுக்கடையில் ஆள் இல்லை, நாலு நாள் கல்லாவில் உட்கார் என்று யாராவது பாசத்தோடு சொன்னால் மட்டும் எழுந்து ஓடிவிடுங்கள். சுற்றுலாவாக வந்தவர் வேலை பார்ப்பது இங்கே குற்றம், பாசத்துக்கெல்லாம் விதிவிலக்குக் கிடையாது.

8 செப்டம்பர்

ரயில் டிக்கெட்டை இன்றைக்கே பாருங்கள். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் இடிஎஸ் மின்ரயில் ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சில ரயில்கள் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும். பண்டிகைக்கு அது முன்கூட்டியே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் விமான நிலையத்திலிருந்தே ஈப்போவுக்கு பஸ் இருக்கிறது. சித்தப்பாவை விமான நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அவர் வருகிறேன் என்றுதான் சொல்வார்.

மின்செருகி இங்கே மூன்று தட்டைக் கால். இந்தியச் செருகி நுழையாது. கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே.

20 செப்டம்பர்

"ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" இதைக் கேட்காத ஆளே இல்லை. சுங்கை சிப்புட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் பதில். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பக்கத்து ஊர் கோலாகங்சார். அங்கே மாவட்ட அலுவலகத்தருகில் வேலிக்குள் ஒரு பால்மரம் நிற்கிறது. 1877 இல் அந்த ஊரில் நட்ட முதல் கன்றுகளில் மிச்சம் இருப்பது அது. தமிழ்நாட்டுக்காரர்களை நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். படம் எடுத்துக்கொள்வார்கள், ஐந்து நிமிடத்தில் கிளம்புவார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டையைத் தடவிப் பார்த்தார். அவரும் 1970 இல் கப்பல் ஏறிப் போனவர். வெட்டுக்காயம் இல்லாத பக்கத்தைக் காட்டி, இங்கே இன்னும் பால் இருக்கும் என்றார். கையில் கத்தி இருந்தால் வெட்டியிருப்பார், காவலர் எங்களைப் பிடித்துப் போயிருப்பார்.

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி ஒருவர் 1915 இல் கட்டத் தொடங்கி, முடிக்காமலே 1926 இல் லிஸ்பனில் செத்துப்போனார். மாளிகையை எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பாருங்கள். விஷக்காய்ச்சலில் ஆட்கள் சாகத் தொடங்கியபோது தமிழ்த் தொழிலாளர்கள் கேட்டுக் கட்டிய கோயில். கூரைச் சிலைகளுக்கு நடுவே அந்த வெள்ளைக்காரரும் நிற்கிறார்.

எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16 க்காக. அன்று காலை இங்குள்ள இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். தொடர்ந்து அவசரகாலம், 1960 வரை. லயங்களை ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். பால் வெட்டப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போகக்கூடக் கெடுபிடி, காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று. உங்கள் சின்னத் தாத்தா அந்த வேலிக்குள் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். சித்தப்பாவைக் கேளுங்கள், கெந்திங்கைவிட நல்ல கதை கிடைக்கும்.

தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுவீர்கள். பால்மரம் இருக்காது, செம்பனையாக மாறி எத்தனையோ ஆண்டுகள். லயம் இடித்திருப்பார்கள். குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருந்தாலும் இருக்கும். வாசல் காவலரிடம் சொல்லாமல் உள்ளே போகாதீர்கள். நாய் உண்டு.

2 அக்டோபர்

சாப்பாடு பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை. தேநீரில் டின் பால். காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) நெத்திலியோடு வரும், சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்னி எங்கே என்று கேட்டால் சம்பால் என்ற மிளகாய் விழுதைக் காட்டுவார்கள். "எங்கள் ஊரில் இப்படிச் செய்ய மாட்டோம்" என்ற வாக்கியத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். என் மனைவி அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள்; ஒவ்வொரு முறையும் மறுநாள் குழம்பில் மிளகாய் கொஞ்சம் கூடியிருக்கிறது.

28 அக்டோபர்

தம்பி நேற்றுத் திரும்பிப்போய் எழுதியிருப்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். சின்னம்மா முறுக்குச் சுடுகிறவர்தான். படையலில் தாத்தா படம் வைத்தார்களாம். அது பற்றி அவரே எழுதிவிட்டார், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

நிலப் பேச்சு பற்றி மட்டும். நான் எடுக்காதே என்றேன், தம்பியும் எடுக்கவில்லை. சித்தப்பாவே எடுத்துவிட்டார்! 21 இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்து, அப்பா அனுப்பிய மணியார்டர் ரசீதுகளைக் காட்டி, அந்த வயல் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். தம்பி மறைக்காமல், அத்தை கல்யாணத்துக்கு விற்றுவிட்டோம், உங்களுக்கு எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா அன்று இரவு பேசவில்லை. மறுநாள் ஈப்போ விடுதிக்கு அவர்தான் காரில் கொண்டு விட்டிருக்கிறார். வழியில் கோலாகங்சார் மரத்தையும் காட்டியிருக்கிறார், அது எதிர்த் திசை என்றாலும்.

கிள்ளான் அம்மையார் இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் நேரில் வந்தது நல்லதாயிற்று அல்லவா, நீங்கள் வராதே என்றீர்களே என்கிறார். அம்மா, அவர்கள் 22 இல் கிளம்பியதால்தான் அது நல்லதாயிற்று. அந்தப் பேச்சுக்குப் பிறகு இன்னும் நாலு நாள் ஒரே கூடத்தில் ஒரே குளியலறையோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். வயல் போனதை ரசீது வைத்திருப்பவர் அத்தனை சீக்கிரம் விட்டுவிட மாட்டார், விட வேண்டியதும் இல்லை. அடுத்த முறை சித்தப்பா அங்கே வரட்டும். வயல் இருந்த இடத்தைக் காட்டுங்கள், மூடி மறைக்காதீர்கள். தீபாவளியில் கூப்பிடாதீர்கள்.

4 நவம்பர்

தைப்பூசத்துக்கு வரலாமா என்று சேலத்திலிருந்து ஒரு குடும்பம். 2026 இல் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் காவடி பார்க்கலாம், பத்துமலை நெரிசல் இருக்காது என்று சொல்ல மாட்டேன், அதைவிடக் குறைவு. தாராளமாக வாருங்கள், விடுதியில் தங்குங்கள்.

டுரியான் பற்றிக் கேட்ட இருவருக்கு: பெரிய பருவம் ஜூனில் தொடங்கும், தைப்பூசத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். விமானத்திலும் விடுதியிலும் விட மாட்டார்கள். மற்றதெல்லாம் வேறு இழை தொடங்கிக் கேளுங்கள், இங்கே கசகசாச் சண்டையே போதும்.